லீவு நாள் படங்கள்: சின்ன வயசுல பார்த்ததுல இன்னைக்கும் நிக்கிறது எது?

மேலவீதி · கும்பகோணம்

தீபாவளிக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் ஊருக்கு வர்றாங்க. பெரியவனுக்குப் பத்து வயசு, சின்னவளுக்கு ஏழு. லீவு முடியற வரைக்கும் தினம் சாயங்காலம் ஒரு படம் போடலாம்னு இருக்கேன். அந்த வயசுல நான் லீவுல பார்த்த படமாவே இருக்கணும்னு ஆசை.

எழுதி வச்சுப் பார்த்தா ஒரு விஷயம் உறைச்சுது. மாயாபஜார், திருவிளையாடல், பட்டணத்தில் பூதம், நல்ல நேரம், மைக்கேல் மதன காமராஜன். இதுல குழந்தைங்களுக்குன்னே எடுத்தது ஒண்ணுகூட இல்ல. எல்லாமே வீட்டோட கிளம்பிப் போய்ப் பார்க்கிற படம். தாத்தாவுக்குப் பாட்டு, அம்மாவுக்கு அழுகை, அப்பாவுக்குச் சண்டை, நமக்கு ஒரு யானையோ பூதமோ. நம்ம பங்குக்கு ஒரு ரெண்டு ரீல் வரும். அதுக்காகப் படம் முழுக்கக் காத்துக்கிட்டு இருப்போம்.

காத்துக்கிட்டு இருந்ததாலதான் அந்த ரெண்டு ரீல் மனசுல நிக்குதுன்னு நான் நினைக்கிறேன். குழந்தைக்குன்னே எடுத்த படம் எனக்கு அப்படி எதுவும் நிக்கல. உங்களுக்கு எப்படி? எந்தப் படம், எந்த லீவு, எங்க பார்த்தீங்கன்னு சொல்லுங்க.

---

செம்மண் · புதுக்கோட்டை பக்கம்

எங்களுக்கு டூரிங் டாக்கீஸ்தான். முழுப்பரீட்சை முடிஞ்சு அம்மாச்சி ஊருக்குப் போயிருவோம். பொழுது சாஞ்சதும் கொட்டகைக் குழாய்ல சீர்காழி குரல்ல ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ கேட்கும். டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். கம்மாய்ல குளிச்சுக்கிட்டு இருந்தாலும் ஈரத்தோட ஓட்டம்தான். மதுரை சோமு ‘மருதமலை மாமணியே’ன்னு எடுத்துட்டா படம் போடப் போறாங்க. எங்க கொட்டகைல அதான் வரிசை.

தரை டிக்கெட். மணலைக் குவிச்சு மேடு கட்டி அது மேல உட்காருவோம். முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன் மேடு உசரமாப் போனா நமக்குத் திரை மறைக்கும். அதனால பின்னாலேருந்து கால் கட்டை விரலால அவன் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாப் பறிச்சுக்கிட்டே இருப்போம். அவனுக்குத் தெரியாது. படம் பாதி போறதுக்குள்ள அவன் தரைக்கு வந்திருப்பான். ஒரே புரொஜெக்டர், அதனால ரீல் மாத்தும்போதெல்லாம் லைட்டைப் போட்டுருவாங்க. அப்பதான் அவன் திரும்பிப் பார்த்து மறுபடி மணல் அள்ளுவான்.

திருவிளையாடல் 1965ல வந்த படம். நான் பார்த்தது எண்பதுகள்ல. ஆனா அதுக்கு முன்னாடியே வசனம் பூரா மனப்பாடம். காதுகுத்து, கோயில் கொடை, எதுவானாலும் சவுண்டு சர்வீஸ்காரர் அந்த வசன ரிக்கார்டைப் போட்டுருவாரு. தருமி புலம்புறதும், சிவனும் நக்கீரரும் மோதிக்கிறதும் எங்களுக்குக் காதால தெரியும், கண்ணால தெரியாது. கடைசியா கொட்டகைல நாகேஷ் வந்து நின்னப்ப தரை டிக்கெட் மொத்தமும் கூடவே வசனம் பேசுச்சு. பெரியவங்க சின்னவங்கன்னு வித்தியாசமே இல்ல. மேலவீதி சொல்ற காத்திருப்பு எங்களுக்கு வருசக்கணக்கு.

‘பாட்டும் நானே’ல பாடறதும் சிவாஜி, வீணை வாசிக்கிறதும் சிவாஜி, மிருதங்கமும் சிவாஜி. எல்லாரும் ஒரே நேரத்துல திரையில. அதை எப்படி எடுத்தாங்கன்னு அந்த லீவு பூரா சண்டை.

---

பாக்யா_மதுரை

எங்களுக்கும் மகா சிவராத்திரிக்கு தியேட்டர்ல ராத்திரி பூரா சாமி படம் ஓட்டுவாங்க. கண் முழிக்கணும்ல. பாட்டி எங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டாவது படம் பாதில பிள்ளைங்க எல்லாம் மடியில தூங்கிரும். பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுப் பார்ப்பாங்க.

ஆனா மேலவீதி அண்ணே, குழந்தைக்குன்னு எடுத்தது நிக்கலைன்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். மை டியர் குட்டிச்சாத்தான் இருக்கே! 1984ல கேரளாவுல நவோதயா எடுத்து, ஜிஜோ இயக்கி, அப்புறம் தமிழ் பேசி நம்ம ஊருக்கு வந்துச்சு. இந்தியாவோட முதல் 3டி படம். கேமரா நம்ம உதிரிப்பூக்கள் அசோக்குமார், இசை இளையராஜா. அதுல மந்திரவாதிகிட்ட இருந்து குட்டிச்சாத்தானைக் காப்பாத்துறதே பிள்ளைங்கதான். பெரியவங்க எல்லாம் சும்மா ஓரத்துல.

வாசல்ல நுழையும்போது அட்டைக் கண்ணாடி ஒண்ணு கையில குடுப்பாங்க. எனக்கு மூக்குல நிக்காம வழுக்கிக்கிட்டே இருந்துச்சு, ஒரு கையால பிடிச்சுக்கிட்டே பார்த்தேன். ஐஸ்க்ரீம் கோனைத் திரைக்கு வெளிய நீட்டினப்ப வரிசை பூரா கை நீட்டிருச்சு. எங்க அப்பாவும் நீட்டினாரு! கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தா ரெண்டு ரெண்டு உருவமா மங்கலாத் தெரியும், போட்டா சரியாயிரும். நான் பாதிப் படம் இதையே செஞ்சுக்கிட்டு இருந்தேன். வெளிய வரும்போது கதவுகிட்ட ஒருத்தர் நின்னு கண்ணாடியைத் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டில போட்டாரு. அதைக் குடுக்க மனசே வரல.

அந்த ரூம் பாட்டு ஞாபகம் இருக்கா? பிள்ளைங்க சுவர்ல நடந்து கூரையில ஆடுவாங்க. அறையவே சுத்துற மாதிரி செட் போட்டு எடுத்தது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

---

மேலவீதி

குட்டிச்சாத்தானை விட்டது பெரிய குறைதான் பாக்யா. ஆனா அது மலையாளத்துல இருந்து வந்தது. நம்ம ஆளுங்க ஏன் எடுக்கலைங்கிறதுதான் என் ஆதங்கம்.

---

நிழற்பெட்டி · சேலம்

எடுக்கலைன்னு யார் சொன்னது? ஏ.வி.எம். 1965லயே ‘குழந்தையும் தெய்வமும்’ எடுத்தாங்க. கிருஷ்ணன் பஞ்சு இயக்கம். குட்டி பத்மினிக்கு ரெட்டை வேஷம், பிரிஞ்சு போன அப்பா அம்மாவை ரெண்டு பிள்ளைங்களும் இடம் மாறிப் போய்ச் சேர்த்து வைக்கிற கதை. ‘கோழி ஒரு கூட்டிலே சேவல் ஒரு கூட்டிலே’ இன்னைக்கும் பாலர் பள்ளிகள்ல பாடுறாங்க. அதே ஏ.வி.எம். 1989ல ராஜா சின்ன ரோஜா. ரஜினியோட கார்ட்டூன் மிருகங்களும் சேர்ந்து ஆடுற பாட்டு. அந்தக் கார்ட்டூனைச் செஞ்சு குடுத்தவர் ராம் மோகன். ஒவ்வொரு படமா கையால வரையணும், ரஜினி பார்க்கிற திசையில முயலோட கண்ணு இருக்கணும். எனக்கு எட்டு வயசு. அந்த ஒரு பாட்டுக்காக மறுபடி கூட்டிட்டுப் போகச் சொல்லி அழுதேன்.

அடுத்த வருஷமே அஞ்சலி. இளையராஜாவுக்கு 500வது படம். ஷாமிலி, தருண், ஸ்ருதி மூணு பேருக்கும் தேசிய விருது. அந்த அப்பார்ட்மெண்ட் பசங்களோட சேட்டை, மொட்டை மாடி, ராத்திரி வெளியே சுத்தறது. அதுக்கு முன்னாடி எந்தப் படத்துலயும் எங்களை மாதிரி பசங்களைத் திரையில நான் பார்த்ததில்ல.

---

மேலவீதி

> ராஜா சின்ன ரோஜா... அந்த ஒரு பாட்டுக்காக

நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க நிழற்பெட்டி. ஒரு பாட்டு! மிச்சப் படம் போதைப்பொருள் விக்கிற வில்லன், சண்டை, காதல். நம்ம பங்கு ஒரு பாட்டுதான்.

அஞ்சலி நல்ல படம், மறுக்கல. ஆனா அது குழந்தைங்களைப் பத்தின படம், குழந்தைங்களுக்கான படமில்ல. கடைசியில அந்தப் பிள்ளை கண் முழிக்காமப் போனதும் என் தங்கச்சி பல நாள் ராத்திரி விளக்கை அணைக்க விடல. லீவுக்கு வந்த பிள்ளைங்களுக்கு நான் போட மாட்டேன்.

---

நிழற்பெட்டி

நான் போடுவேன். பிள்ளைங்களுக்கு அழுகை கூடாதுன்னு யாரு முடிவு பண்ணது? எங்க தெருவுல மூளை வளர்ச்சி குறைஞ்ச பையன் ஒருத்தன் இருந்தான். அதுவரைக்கும் அவனைக் கல்லால அடிப்போம். அஞ்சலி பார்த்த லீவுக்கு அப்புறம் அவனை ஆட்டத்துல சேர்த்துக்கிட்டோம். பெரியவங்க யாரும் புத்தி சொல்லல, படம்தான் செஞ்சுது. உங்க மாயாபஜார் லட்டு இதைச் செய்யாது.

---

செம்மண்

நிழற்பெட்டி சொன்னது கனமான பேச்சு.

---

வடமராட்சியான் · ரொறன்ரோ

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தையும் எழுதட்டே?

90இல கரண்ட் நிண்டது. அதுக்குப் பிறகு நான் வளர்ந்த காலம் முழுக்க விளக்கு வெளிச்சம்தான். படம் பாக்கிறதெண்டா ஆராவது ஒருத்தர் ஜெனரேற்றர் வைச்சிருக்க வேணும், ரீவியும் வீடியோ டெக்கும் வாடைக்கு எடுக்க வேணும், எண்ணெய்க்கு அயலட்டை எல்லாம் காசு சேர்க்க வேணும். மண்ணெண்ணெய் தடைசெய்த சாமான், விலை சொல்லேலாது. பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓட விடுறது. பள்ளிக்கூட விடுமுறையில, ஊர் கொஞ்சம் அமைதியா இருந்தால், ஒரு இரவுக்கு ரெண்டு மூண்டு படம். முத்தத்தில பாய் விரிச்சுப்போட்டு முழுச் சனமும் இருக்கும்.

எனக்கு நிக்கிற படம் கர்ணன். பந்துலு எடுத்த 1964ஆம் ஆண்டுப் படம், சிவாஜியும் என்.ரி.ராமராவும். நாங்கள் சின்னப் பெடியள், எங்களுக்கு அம்பு விடுறதுதான் முக்கியம். யுத்தம் வாறதுக்குள்ள எண்ணெய் முடிஞ்சு எஞ்சின் நிண்டுட்டுது. ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல. அம்மம்மா இருட்டுக்குள்ள இருந்து மிச்சக் கதையைச் சொல்லி முடிச்சவா. தேர்ச்சில்லு தாழுறதில இருந்து, கண்ணன் வந்து புண்ணியத்தைத் தானமாய் வாங்குறது மட்டும். ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டையும் அவவே பாடினவா.

பிறகு கொழும்புக்கு வந்துதான் அந்தக் கடைசிப் பகுதியைப் படமாய்ப் பாத்தனான். சீர்காழி நல்லாத்தான் பாடியிருக்கிறார். ஆனால் எனக்கு அந்தப் பாட்டு அம்மம்மாவின்ர குரலிலதான் வரும்.

மேலவீதி, நீங்கள் கேக்கிற கேள்விக்கு என்ர மறுமொழி: படம் நிக்கிறது ஆரோட இருந்து பாத்தனீங்கள் எண்டதில. குழந்தைப் படமோ பெரியாக்களின்ர படமோ எண்டதில இல்லை.

---

பாக்யா_மதுரை

வடமராட்சியான் அண்ணா, ரெண்டு தடவை படிச்சேன்.

---

முத்துநகரி · தூத்துக்குடி

நாங்க கடல் இந்தப் பக்கம், ஆனா எங்க வீட்டு டிவில முதல்ல வந்தது உங்க இலங்கை டிவி ரூபவாஹினிதான். 1982ல அவங்க ஆரம்பிச்சதும் எங்க ஊர்ல பைப்போட பைப் இணைச்சு ஆண்டெனாவை வானத்துக்கு ஏத்திட்டாங்க. தூர்தர்ஷன் எங்களுக்கு அப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சு. காத்து நல்லா அடிச்சா ஆண்டெனா திரும்பிரும். அண்ணன் மொட்டை மாடியில நின்னு திருப்புவான், நான் ஜன்னல்ல நின்னு “தெரியுது, தெரியுது, போச்சு”ன்னு கத்துவேன். எப்பவாவது தமிழ்ப் படம் போட்டா தெருவே எங்க வீட்டுல.

எங்களுக்குப் பெரிய லீவு கிறிஸ்துமஸ்தான். அரைப்பரீட்சை முடிஞ்ச கையோட கோயில் மைதானத்துல வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி 16 எம்.எம்.ல படம் காட்டுவாங்க. தெலுங்குல 1978ல வந்த கருணாமயுடு தமிழ் பேசி வரும். ஒவ்வொரு வருஷமும் அதே படம், ஒவ்வொரு வருஷமும் முள்முடி வைக்கிற இடத்துல அதே அழுகை. முன்பக்கம் கூட்டமா இருந்தா நாங்க திரைக்குப் பின்னால போய் உட்கார்ந்துருவோம். அங்கேயும் படம் தெரியும், என்ன, எழுத்தெல்லாம் திரும்பி இருக்கும், எல்லாரும் இடது கையால சாப்பிடுவாங்க. இன்னைக்கும் அந்தப் படத்தை நேரா பார்த்தா எனக்கு இடம் வலம் மாறின மாதிரிதான் இருக்கு.

---

கொழுமம் · உடுமலை

நல்ல நேரம் படத்தை விட்டுட்டீங்களே எல்லாரும். எங்க கோயமுத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்தது. முதல்ல 1967ல தெய்வச்செயல்னு தமிழ்ல எடுத்தாருங்க. அதையே 1971ல இந்தியில ராஜேஷ் கன்னாவை வச்சு ஹாத்தி மேரே சாத்தி. திரும்ப 1972ல எம்.ஜி.ஆரை வச்சு நல்ல நேரம். ஒரே யானைக் கதையை மூணு தடவை எடுத்த மனுசன் அவரு. செம்மண் சொன்ன மருதமலைப் பாட்டும் தேவர் எடுத்த தெய்வம் படத்துல வந்ததுதானுங்க.

நான் பார்த்தது எங்கூர்ல மறு வெளியீட்டுல, பொங்கல் லீவு. யானை காரைத் தள்ளிக்கிட்டு வர ‘ஆகட்டுமடா தம்பி ராஜா’ பாட்டு வந்தப்ப விசிலடிச்சது பூரா அஞ்சாறு வயசுப் பசங்கதானுங்க.

---

கானாடு · கூடலூர்

பெரியவரே, உங்க ஆசையைக் குறைக்கணும்னு சொல்லல. நானும் அந்தப் பாட்டுக்குக் குதிச்சவன்தான். ஆனா யானைகள் இருக்கிற காட்டோரம் இத்தனை வருஷம் இருந்துட்டேன். ஒரு யானையை அந்த மாதிரி ஆட வைக்க அதுக்கு முன்னாடி என்ன செய்வாங்கன்னு தெரிஞ்சப்புறம் என்னால உட்கார்ந்து பார்க்க முடியல. சங்கிலியும் அங்குசமும் இல்லாம அது நடக்காது. அந்தக் காலத்துப் படங்கள்ல புலியோட சண்டை, குரங்கு, ஆடு எல்லாத்துக்கும் இதே கதைதான். 2001ல விதி வந்தப்புறம்தான் படத்துல மிருகத்தைக் காட்ட விலங்குகள் நல வாரியத்துகிட்ட அனுமதி வாங்கணும்னு ஆச்சு. மேலவீதி, நல்ல நேரம் போடறதா இருந்தா பசங்ககிட்ட இதையும் சொல்லுங்க. ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரியும்.

---

கொழுமம்

சொல்லுங்க, சொல்ல வேண்டியதுதான். ஆனா யானை மேல எனக்குப் பாசம் வந்ததே அந்தப் படத்துலதானுங்க கானாடு. எங்க தாத்தன் காலத்துல தோட்டத்துக்குள்ள யானை வந்தா வெடி போட்டுச் சுட்டாங்க. எங்க தலைமுறை சுடல. அதுல அந்தப் படத்துக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்பறேன்.

---

கானாடு

இருக்கலாம். ரெண்டும் உண்மையா இருக்கலாம்.

---

தேரடி_கண்ணன் · திருவாரூர்

நான் 91ல பிறந்தவன். எனக்குப் புரியாத ஒண்ணு, ஏன் யாருமே சன் டிவியைச் சொல்லல? எங்க தீபாவளி எண்ணெய்க் குளியல்ல ஆரம்பிச்சு சாலமன் பாப்பையா பட்டிமன்றத்துல நின்னு அப்புறம் படத்துக்குப் போகும். “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன...” அந்தக் குரல் ஒரு வாரம் முன்னாடியே காதுல விழ ஆரம்பிச்சுரும். இதுவும் காத்திருப்புதானே? நடுவுல விளம்பரம் வரும்போது ஓடிப் போய் ஒரு சரம் வெடிச்சுட்டு வந்துருவோம். கை பூரா மருந்து வாசனையோட முறுக்கு தின்னுக்கிட்டே படம். பெரியவங்க தியேட்டர், கொட்டகைன்னு எழுதறதைப் பார்த்தா நாங்க எதுவுமே பார்க்காத மாதிரி இருக்கு.

---

மேலவீதி

நியாயம் கண்ணன். நானும் பாதிப் படம் டிவிலதான் பார்த்தேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷன்ல. “தடங்கலுக்கு வருந்துகிறோம்” பலகையையும் சேர்த்து. பட்டணத்தில் பூதம் அப்படிப் பார்த்ததுதான். 1967 படம். ஜாவர் சீதாராமன் மொட்டைத் தலையோட ஜாடியிலிருந்து வெளிய வந்து ‘ஜீ பூம்பா’ன்னு நின்னதும், அடுத்த நாள் ஸ்கூல்ல எல்லார் வாட்டர் பாட்டிலும் பூத ஜாடி ஆயிருச்சு.

---

ஓய்வு_ஆசிரியர் · திருநெல்வேலி

நண்பர்களே, ஒரு முதியவனின் நினைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பணம் கொடுத்துப் படம் பார்க்க வழியற்ற பிள்ளைகள் வேறு இரண்டு வழிகளில் சினிமா பார்த்தார்கள்.

ஒன்று பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்கள். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். வெள்ளித்திரையில் காணக் காசு இல்லாத எங்களுக்கு அந்த மீதியை நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது. விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து ஆளுக்கொரு முடிவு சொல்வோம். என் வகுப்புத் தோழன் ஒருவன் சொன்ன முடிவுகள் படத்தின் முடிவைக் காட்டிலும் எத்தனையோ மேல். பின்னாளில் நான் தமிழ் ஆசிரியரானதற்கு அந்தத் திண்ணையும் ஒரு காரணம்.

இன்னொன்று துண்டு ஃபிலிம். ஆபரேட்டர் அறைக்கு வெளியே, அறுந்த ரீலின் துண்டுகள் கிடைக்கும். கோலிக்குண்டு கொடுத்தும் வாங்கலாம். எம்.ஜி.ஆர். முகம் தெரியும் துண்டுக்கு மதிப்பு அதிகம். வெறும் மரம் மட்டும் தெரிந்தால் யாரும் சீந்தமாட்டார்கள். ஃபியூஸ் போன பல்பின் அடிப்பகுதியைப் பக்குவமாகத் தட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அதில் தண்ணீர் நிரப்பினால் அதுவே லென்ஸ். வாசலில் ஒருவன் முகக் கண்ணாடியைப் பிடித்து வெயிலை அறைக்குள் திருப்புவான். அந்த ஒளிக்கற்றையில் அட்டையில் பொருத்திய ஃபிலிம், அதற்கு முன்னால் பல்பு, எதிர்ச் சுவரில் அப்பாவின் வேட்டி. படம் தலைகீழாக விழும் என்பதால் ஃபிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும். வெயில் நகர நகரக் கண்ணாடி பிடிப்பவனும் நகர வேண்டும். மேகம் வந்தால் இடைவேளை. வசனத்தை நாங்கள் பேசுவோம்.

ஒளியியல் பாடத்தில் குவிலென்ஸ் நடத்தும்போதெல்லாம் அறிவியல் ஆசிரியர் ஒரு பல்போடு என்னைத் தம் வகுப்புக்கு அழைத்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை. மேலவீதி தம் மருமகப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். பல்பைத் தட்டும் வேலையை மட்டும் பெரியவர்களே செய்யுங்கள், கண்ணாடித் துண்டு கையைக் கிழித்துவிடும்.

---

செம்மண்

ஐயா, வேட்டியை நல்லா இழுத்துக் கட்டலைன்னா எம்.ஜி.ஆர். மூக்கு கோணிக்கும். நாங்களும் செஞ்சிருக்கோம்.

---

ராமபாணம் · காரைக்குடி

எங்க ஊர்க்காரர் ராம நாராயணனைப் பத்தி யாரும் வாயே திறக்கல. 100 படத்துக்கு மேல இயக்கினவர், எங்க தொகுதிக்கு 1989ல எம்.எல்.ஏ.வாவும் இருந்தார். ஆடி வெள்ளி, துர்கா. யானை பூஜை பண்ணும், பாம்பு பழிவாங்கும், குரங்கு தந்தி கொடுக்கும். படிச்சவங்க அதைக் குப்பைன்னு தள்ளுவாங்க. ஆனா அதுல பிள்ளைங்களோட பங்கு ரெண்டு ரீல் இல்ல, முழுப் படமும் பிள்ளைங்களோடதுதான். பெரியவங்கதான் தங்களோட பங்குக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. மேலவீதியோட கேள்விக்கு நேர் பதில் ராம நாராயணன்தான்.

---

பாக்யா_மதுரை

ஆமா! துர்கால ஷாமிலி! எங்க தெருவுல ஆடி மாசம் அந்தப் படத்துப் பாட்டுதான் குழாய்ல.

---

நிழற்பெட்டி

பிடிச்சுது, உண்மைதான். ஆனா பெரியவங்களும் கூட உட்கார்ந்து ரசிக்கிற மாதிரி எடுக்கறதுக்கு ஒரு உழைப்பு வேணும். மாயாபஜார்ல அது இருக்கு, இவர் படங்கள்ல இல்ல. பிள்ளைங்களுக்கு எதைக் குடுத்தாலும் போதும்னு இருக்கக் கூடாதில்லையா?

---

ராமபாணம்

வாகினி ஸ்டூடியோவும் கேமராமேன் மார்க்கஸ் பார்ட்லியும் கையில இருந்தா யாரும் மாயாபஜார் எடுப்பாங்க. சின்ன பட்ஜெட்ல, குறிச்ச நாள்ல, கிராமத்துக் கொட்டகை வரைக்கும் போய்ச் சேர்ற படம் எடுத்துக் காட்டட்டும். எங்க அக்கா பிள்ளை திக்குவாய். ஆடி வெள்ளி யானைகிட்ட மட்டும் திக்காமப் பேசுவான், திரையைப் பார்த்து. எனக்கு அது போதும்.

---

மேகலா · சென்னை

மாயாபஜார் பத்தி நேர்ல பார்த்ததைச் சொல்றேன். போன கோடை லீவுல என் பொண்ணுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கும் போட்டேன். வயசு ஆறுலேருந்து பன்னெண்டு. தமிழ்ல இன்னும் கறுப்பு வெள்ளைதான், 2010ல வண்ணம் தீட்டி விட்டது தெலுங்குப் படத்தை.

முதல் பாதி கஷ்டம். பாட்டு நிறைய, பலராமனும் ரேவதியும் பேசறது பிள்ளைங்களுக்குப் பிடிபடல. ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. நான் ஓட்டி விடலாமான்னு ரிமோட்டை எடுத்தேன், என் மாமியார் தடுத்துட்டாங்க. “கடோத்கஜன் வரட்டும், தானா வருவாங்க”ன்னாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு பெட்டி வரும், ஞாபகம் இருக்கா? திறக்கிறவங்களுக்கு எது பிரியமோ அது உள்ள தெரியும். வத்ஸலா திறந்தா அபிமன்யு. பிள்ளைங்க “வீடியோ கால்!”னு கத்தினாங்க. கிருஷ்ணன் திறந்தா சகுனி தெரிவான். ஏன் சகுனி, அவன் வில்லனாச்சேன்னு ஒரு பையன் கேட்டான். அதுக்கு மாமியார் சொன்ன பதில் அரைமணி நேரம் மகாபாரதமா ஓடுச்சு, படத்தை நிறுத்தி வச்சோம்.

எஸ்.வி.ரங்காராவ் ‘கல்யாண சமையல் சாதம்’னு உட்கார்ந்ததும் போனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க. பாத்திரம் நகர்ந்து வர்றது, லட்டு ஒண்ணொண்ணா எழும்பி வாய்க்குள்ள போறது. 1957 படம்னு சொன்னேன், யாரும் நம்பல. ஆனா அவங்க அதிகமா சிரிச்சது அதுக்கில்ல. மாய வத்ஸலாவா சாவித்திரி நடிக்கிறாங்களே, பொண்ணு உடம்புக்குள்ள கடோத்கஜன் இருக்கிற மாதிரி, அந்த முறைப்பும் நடையும்! தங்கவேலு காலை மிதிக்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க. ஒரு வாரத்துக்கு எங்க மாடிப்படியில பொண்ணுங்க எல்லாம் அந்த நடைதான்.

அதனால மேலவீதி சார், ஓட்டி விடாதீங்க. எழுந்து போறவங்களைப் போக விடுங்க. பக்கத்துல கதை தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் கட்டாயம் உட்காரணும்.

---

வடமராட்சியான்

அதைத்தான் நானும் சொன்னனான்.

---

தேரடி_கண்ணன்

மேகலா அக்கா எழுதினதைப் படிச்சுட்டு நேத்து நானே போட்டுப் பார்த்தேன், முதல் தடவையா. ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ல அந்த நிலா வெளிச்சத்தை எப்படி உண்டாக்கினாங்கன்னு யாராவது எழுதினா நல்லாயிருக்கும். தண்ணியில ஒளி சிதறுறது அசலாவே இருக்கு.

---

நிழற்பெட்டி

மார்க்கஸ் பார்ட்லியோட வேலை. அதுக்குத் தனி இழையே போடலாம், இந்த வார இறுதியில ஆரம்பிக்கிறேன். 1955 மிஸ்ஸியம்மாவிலிருந்து தொடங்கணும், அதுவும் அவர் கேமராதான்.

---

மேலவீதி

எல்லாருக்கும் நன்றி. முடிவு இதுதான். முதல் நாள் மாயாபஜார், ஓட்டி விடாம. எங்க அம்மா பக்கத்துல உட்காருவாங்க, சகுனி கேள்வி வந்தா அவங்க பாடு. மறுநாள் திருவிளையாடல். படம் போடறதுக்கு முன்னாடி தருமி வசனத்தைக் காதால கேட்க வச்சுட்டு அப்புறம் காட்டப் போறேன், செம்மண் ஊர் வழக்கப்படி. நல்ல நேரம் போடறேன், கானாடு சொன்னதையும் சொல்றேன். பகல்ல ஆசிரியர் ஐயா சொன்ன பல்பு லென்ஸ். துண்டு ஃபிலிம்தான் கிடைக்கணும், எங்க ஊர்ல மூடிக் கிடக்கிற தியேட்டர் ஆபரேட்டர் ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன்.

நிழற்பெட்டி, அஞ்சலியைப் பெரியவனுக்கு மட்டும் தனியா போடறேன். அந்தத் தெருப் பையன் விஷயம் மனசுல தங்கிருச்சு.

குட்டிச்சாத்தானுக்குக் கண்ணாடி இல்லாம என்ன பண்றதுன்னு தெரியல. சாதாரணத் திரையில போட்டா பாதிதான் வரும். அதை விட்டுட்டுக் கடைசி நாளைக்கு மைக்கேல் மதன காமராஜன். 1990 தீபாவளிக்கு வந்த படம், தீபாவளிக்கே பார்க்கட்டும்.

---

பாக்யா_மதுரை

சாம்பார்ல மீன் விழற இடத்துல சத்தத்தைக் கூட்டி வைங்க அண்ணே. கிரேசி மோகன் வசனம் ஒண்ணு மேல ஒண்ணு வரும், ஒருத்தர் சிரிச்சா அடுத்தது கேட்காது. சின்னவளுக்கு நாலு கமலையும் முதல்லயே அடையாளம் சொல்லிக் குடுத்துருங்க. பார்த்துட்டு எந்த கமலைப் பிடிச்சுதுன்னு அவகிட்ட கேட்டு இங்க எழுதுங்க.